அக்காவுக்கு நாற்பது சொற்கள்

ஏப்ரல் 4, வெள்ளி

புத்தாண்டுக்குப் பள்ளியில் கொடுத்த டயரி மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். காரணம் அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் கணவர் குமரவேலின் அண்ணி, சுந்தரவல்லி. அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. அவர்கள் மகள் யாழினி கோவையில் விடுதியில் தங்கி முதல் வருடம் படிக்கிறாள். திண்டுக்கல் வீட்டில் இப்போது மாமனார், நாங்கள் இருவர், எங்கள் மகள் இனியா, அக்கா. இந்த வீட்டை நடத்துவது யார் என்று கேட்டால் மாமனார் தன்னைச் சொல்வார், குமரவேல் தன்னைச் சொல்வார், நான் என்னைச் சொல்வேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என்ன கேட்டீங்க என்பார்.

இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கொடைக்கானலில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் விடுதிக்கு ஹவுஸ் மதர் வேண்டுமாம். சின்னப் பெண்பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. பேப்பரில் விளம்பரம் பார்த்து, யாழினியிடம் சொல்லி விண்ணப்பமும் போட்டாயிற்றாம். கூப்பிட்டால் மே மாதம் நேர்காணல், ஆங்கிலத்தில். அக்கா பத்தாவது வரை தமிழில் படித்தவர். நான் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவள்.

"நீ சொல்லிக் குடுத்தா பாத்துக்கிருவேன் மங்கை," என்றார்.

குமரவேல் பக்கத்தில் இருந்தார். சரி என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றும் சொன்னேன். பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். சட்னியில் காரம் அதிகம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் வகுப்பு. குணங்களைச் சொல்லும் சொற்கள் நாற்பது. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே தாள். தினம் பத்து மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும் என்றேன்.

அக்காவுக்கு மனப்பாடம் வராதாம். ஆள் வேண்டுமாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆளைப் பிடித்து உட்கார வைத்தால் மறக்காது என்றார். யாழினியின் பழைய நோட்டில் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே ஆளை எழுதினார். பிடிவாதக்காரருக்கு ஸ்டபர்ன் என்றதும் மாமனார் அங்கே உட்கார்ந்துவிட்டார். பொறுமைசாலிக்குப் பேஷன்ட். அதற்குப் பின்வீட்டு எருமை. எருமைக்கெல்லாம் சொல்ல முடியாது, மனிதராக வேண்டும் என்றேன். நம்ம தெருவில் அவ்வளவு பொறுமையான மனிதர் யார் இருக்கிறார் என்று திருப்பிக் கேட்டார். அடுத்த சொல்லுக்குப் போனேன்.

என்னை எந்தச் சொல்லில் உட்கார வைத்தீர்கள் என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். சென்சிடிவ் என்றார். சட்டென்று மனம் நோகிறவர் என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் நான்தான் அர்த்தம் சொல்லியிருந்தேன். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்படிச் சொல்லலாமா என்று கோபப்பட்டேன். அக்கா பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

ஏப்ரல் 9, புதன்

வகுப்பு நடக்கவில்லை. எனக்குத் தலைவலி.

ஏப்ரல் 10, வியாழன்

தலைவலி.

ஏப்ரல் 13, ஞாயிறு

குமரவேல் கேட்டுவிட்டதால் இன்று வகுப்பு எடுத்தேன். நேர்காணலில் நிச்சயம் ஒரு கேள்வி வரும்: உங்களிடம் உள்ள நல்ல குணங்கள் என்ன? சொல்லுங்கள் அக்கா என்றேன். மின்விசிறியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். கெட்ட குணம் சொல்லட்டுமா என்றார். சரி, சொல்லிப் பாருங்கள் என்றால் வரிசையாக ஆங்கிலத்திலேயே சொன்னார். நான் அவசரக்காரி. நான் பிடிவாதக்காரி. நான் யார் பேச்சையும் எளிதில் கேட்க மாட்டேன். உச்சரிப்பு கூட நன்றாக இருந்தது. நல்லதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. ஆளை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் புகழ மாட்டோம், கண் பட்டுவிடும். குழம்பு பிரமாதமாக இருந்தால், பரவாயில்லையே என்போம். தன்னைத்தானே புகழ்வதோ, அதைவிட வெட்கக்கேடு கிடையாது. அந்த வெட்கத்தோடு வேலைக்குப் போக முடியாது என்று எடுத்துச் சொன்னேன்.

"நான் நல்லவள்னு நானே சொன்னா, அதை எதுக்கு மங்கை அவங்க நம்பணும்?" என்றார்.

பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். இப்படியே இருந்தால் வேலை கிடைக்காது என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் உற்சாகம் இருந்ததோ என்னவோ, அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, விடுமுறை. வாழ்க்கையின் முக்கியக் கட்டங்களைச் சொல்லும் பாடம். பட்டம் பெற்றேன், வேலையில் சேர்ந்தேன், திருமணம் நிச்சயமானது, வீடு மாறினோம், இப்படி வாக்கியங்கள். ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தேன். இந்தப் பக்கம் வருடம், அந்தப் பக்கம் உங்கள் வாழ்க்கையில் நடந்தது, முதலில் தமிழிலேயே எழுதுங்கள் என்றேன். மத்தியானம் கொண்டுவந்து கொடுத்தார்.

2005 கல்யாணம்.
2006 யாழினி பிறந்தாள்.
2011 மங்கை இந்த வீட்டுக்கு வந்தாள்.
2014 இனியா பிறந்தாள், ஏழாம் மாசம்.
2015 மங்கை வேலையில் சேர்ந்தாள்.
2018 மங்கை எம்.ஏ. முடித்தாள்.
2019 அவர் போனார்.
2024 யாழினி காலேஜ்.

கையில் சிவப்புப் பேனா இருந்தது. வாத்தியார் புத்தி. உங்கள் வாழ்க்கையைக் கேட்டால் அடுத்தவர் வாழ்க்கையை எழுதியிருக்கிறீர்களே என்று ஐந்து வரிகளை அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. கூட்டல் கணக்கைச் சரிபார்ப்பது மாதிரி பார்த்தார்.

"அப்ப மூணுதான் மிச்சம் மங்கை," என்றார்.

சாயங்காலம் சந்தைக்குப் போனேன். முருங்கைக்காய் நன்றாக இல்லை.

ஏப்ரல் 23, புதன்

எழுத ஒன்றுமில்லை. வெயில் கொளுத்துகிறது. மோர் குடித்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

விண்ணப்பத்தில் என் மெயிலைத்தான் கொடுத்திருந்தார்கள். அதற்குக் கொடைக்கானலிலிருந்து ஏதாவது வந்ததா என்று அக்கா கேட்டார். வினாத்தாள் விஷயமாக எங்கள் பள்ளியிலிருந்து வந்தது என்றேன். அது உண்மை. அதுவும் வந்திருந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

யாழினிக்குக் காய்ச்சல். அக்கா காலை பஸ்ஸில் கோவை கிளம்பிவிட்டார். மூன்று நாளில் வந்துவிடுவாராம். மூன்று நாள்தானே என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

மூன்று நாள்தானே என்று சொன்னவள் வாயில் மண்.

காலையில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. குமரவேல் அதைத் துடைக்கப் போய் ஸ்டவ்வின் பாதியைக் கழற்றிவிட்டார். இனியாவுக்குத் தலை பின்னினேன், நடன வகுப்பில் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியதாம். மாமனாருக்குச் சர்க்கரை ஊசி தினமும் போட வேண்டும். ஆறு வருடமாக அக்காதான் போடுகிறார். இன்று நர்ஸைத் தேடித் தெருத் தெருவாக அலைந்தோம். இவ்வளவும் நடந்து முடிய மணி பத்து. இவ்வளவையும் அக்கா முடித்துவிட்டு ஏழே முக்காலுக்கு என் சாப்பாட்டு டப்பாவைக் கையில் தருவார். நான் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்து எடுத்துப் போனதில்லை. உள்ளே என்ன இருக்கும் என்ற கவலையே இருந்ததில்லை.

அவர் போய்விட்டால் தினமும் இப்படித்தான். இதை நான் நினைக்கக் கூடாதா? எந்த வீட்டில் யார்தான் நினைக்க மாட்டார்கள்?

மே 1, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

அரிசி டப்பாவின் மேல் அக்காவின் நோட்டு இருந்தது. நாற்பது சொல்லும் முடிந்திருக்கிறது, நாற்பதுக்கும் ஆள் இருக்கிறது. சியர்ஃபுல், இனியா. பங்ச்சுவல், காக்கா. பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ரிலையபிள் என்ற சொல். நம்பி ஒப்படைக்கத் தக்கவர் என்று அர்த்தம் சொல்லியிருந்தேன். எதிரே, மங்கை. விளக்கம்: "ஒரு காரியத்தை இவ கையில குடுத்துட்டா நாம மறந்துடலாம்."

நின்றபடியே இரண்டு முறை படித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 23 அன்று எழுத ஒன்றுமில்லை என்று எழுதினேனே, அன்றுதான் அந்த மெயில் வந்தது. சுந்தரவல்லியைப் பத்து வருடத்துக்கு மேல் அறிந்தவர் என்ற முறையில் அவருடைய குணநலன் பற்றி நான் ஒரு கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். மே ஐந்துக்குள் வரவில்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி. நான் மோர் குடித்துவிட்டு அந்த மெயிலை மூடிவிட்டேன். எட்டு நாளாகத் திறக்கவில்லை. அழிக்கவும் இல்லை. அழிக்காததால் நான் கெட்டவள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 3, சனி

அக்கா நேற்று வந்துவிட்டார். வந்து அரை மணி நேரத்தில் ஸ்டவ் மறுபடி எரிந்தது. கடிதத்தை இன்று அனுப்பிவிட்டேன். ஹோம்லி, அட்ஜஸ்டிங், சாஃப்ட் ஸ்போக்கன், கடவுள் பக்தி உள்ளவர், பெரியவர்களை மதிப்பவர். எழுதி முடித்துப் படித்தால் மணமகள் விளம்பரம் மாதிரி இருந்தது. கீழே ஜாதகம் உண்டு என்று போட்டால் தீர்ந்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் யாருக்கும் வேலை கொடுக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்பினேன். அனுப்பிவிட்டேன் என்று அக்காவிடமும் சொன்னேன். நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மே 8, வியாழன்

மே 17 நேர்காணலுக்கு வரச் சொல்லி அக்காவின் போனுக்கே கூப்பிட்டுவிட்டார்கள். கடிதம் எழுதியவரும் கூட வர வேண்டுமாம். ஏன் என்று தெரியவில்லை. எனக்கு மறுபடி தலைவலி.

மே 12, திங்கள்

மாமனாருக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். மாமனார் தைரியமாகத்தான் இருந்தார், கண்ணை மூடியது நான். இதை எதற்குக் கற்றுக்கொள்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 17, சனி

கொடைக்கானல் குளிரில் ஒரு பயணியர் விடுதி அறையில் எழுதுகிறேன். கடைசி பஸ் போய்விட்டது, காலையில்தான் இறங்க வேண்டும். அக்கா வெளியே குழாயடியில் முகம் கழுவுகிறார். எல்லாவற்றையும் வரிசையாக எழுத முயல்கிறேன்.

அறையில் மூன்று பேர். நடுவில் பள்ளி முதல்வர் அம்மா, நரைத்த முடி, காலில் கம்பளிச் சாக்ஸ். அக்காவை முதலில் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு முழுதாக மூடவில்லை. பெயர், ஊர், படிப்பு எல்லாம் சொன்னார். ஒரு பிள்ளை வீட்டை நினைத்து அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அழ விடுவேன், பக்கத்தில் உட்காருவேன், பிறகு சாப்பிடக் கொடுப்பேன் என்றார். மூன்று வாக்கியம், மூன்றும் சரி. பிறகு அந்தக் கேள்வி வந்தது. உங்கள் நல்ல குணங்கள்?

நான் எழுந்து கதவருகே போய் நின்றேன். கடைசியில் அக்காவின் குரல். "ப்ளீஸ், என் தங்கச்சியைக் கேளுங்கள். வெளியே இருக்கிறாள்." அதை ஆங்கிலத்தில், பிசகில்லாமல் சொன்னார்.

என்னைக் கூப்பிட்டார்கள். முதல்வர் அம்மா என் கடிதத்தை மேசையில் வைத்திருந்தார். இதைப் படித்தால் நல்ல மருமகள் ஒருவர் தெரிகிறார், எனக்கு வேண்டியது ஹவுஸ் மதர் என்றார். இங்கே நாற்பத்திரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், பத்து பதினொரு வயது, அவர்களை இவரிடம் நம்பி விடலாமா, இவர் செய்த ஒன்றைச் சொல்லுங்கள், பெயரடை வேண்டாம் என்றார்.

அக்கா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். முகத்தைப் பார்த்துப் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. தமிழில் கேட்டிருந்தால், பரவாயில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று முடித்திருப்பேன். ஆங்கிலமாக இருந்ததால் வாய் திறந்தது.

என் மகள் ஏழாம் மாதம் பிறந்தாள், ஒன்றே கால் கிலோ என்றேன். எனக்குக் கடும் காய்ச்சல், பிள்ளையைத் தொடவே விடவில்லை. யாராவது ஒரு பெண் குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இவர் வைத்திருந்தார். இருபத்தொரு நாள், நாற்காலியில் சாய்ந்தபடி. இவருடைய சொந்த மகளுக்கு அப்போது எட்டு வயது, வீட்டில் இருந்தாள். என் பிள்ளைக்கு முதலில் தெரிந்த சூடு என்னுடையது இல்லை, இவருடையது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முதல்வர் அம்மா தலையசைத்துவிட்டார். ஆனால் நிறுத்த முடியவில்லை.

அடுத்த வருடம் இவருக்குப் பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலைக்கு ஆர்டர் வந்தது என்றேன். அதே வாரம்தான் எனக்குப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஒரு வயதுக் குழந்தையோடு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். தனக்கு வேலை கிடைக்கவில்லை என்று இவர் எல்லாரிடமும் சொன்னார். அந்த ஆர்டர் பீரோவில் புடவை மடிப்புக்குள் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தேன். கேட்டால் நான் வீட்டில் இருக்க வேண்டி வருமோ என்று பயம். பத்து வருடமாகக் கேட்கவில்லை. இந்தத் தடவை உங்கள் மெயிலை நானே எட்டு நாள் மறைத்து வைத்தேன். இந்தக் கடிதத்தையும் வேண்டுமென்றேதான் மோசமாக எழுதினேன். இவர் போய்விட்டால் எங்களுக்குக் கஷ்டம், அதனால். இவ்வளவு கஷ்டப்பட்டு நாங்கள் பிடித்து வைத்துக்கொள்ள நினைக்கிற ஒருவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இதற்குள் என் ஆங்கிலம் காலம், எண் எல்லாம் தவறி எங்கேயோ போய்விட்டது. ஏழாம் வகுப்பில் எவளாவது அப்படிப் பேசினால் உட்கார வைத்திருப்பேன்.

முதல்வர் அம்மா அக்காவிடம் திரும்பினார். உங்கள் தங்கை சொன்னது எல்லாம் புரிந்ததா என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் இவருக்குப் புரிந்திருக்காது. புரியும்படி சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

புரிந்தது மேடம் என்றார் அக்கா. எல்லாம்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அழுதேன். அக்கா அழ விட்டார், பக்கத்தில் உட்கார்ந்தார், பிறகு பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"நீ பாத்தது எனக்குத் தெரியும் மங்கை," என்றார். "நான் மடிச்ச மாதிரி நீ மடிக்கல. ஒரு வருசம் உன் மேல கோவமா இருந்தேன். நீ வந்து கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு இன்னைக்கும் தெரியல. அப்புறம் உன் மக நடக்க ஆரம்பிச்சுட்டா. அவ பின்னாடி ஓடவே நேரம் சரியாப் போச்சு."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். எந்த மொழியிலும் வரவில்லை.

"இந்தத் தடவ நான் போறேன்," என்றார்.

போங்கக்கா என்றேன்.

இவ்வளவு பெரிய மனுஷியோடு பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். நாற்பது சொல்லைச் சொல்லிக் கொடுத்தேனே, அதில் ஒன்றைக்கூட இவருக்கு நான் எழுதிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

மே 22, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பரவாயில்லையே என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

குமரவேலும் நானும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு புதுக் கம்பளி. அவ்வளவுதான் சாமான். இனியா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அழுகையை யாரும் பார்க்கக் கூடாது.

ஜூன் 2, திங்கள்

எங்கள் பள்ளியும் திறந்துவிட்டது. ஊசி ஒரே முயற்சியில் போட்டேன். தலை பின்னியது சாயங்காலம் வரை நின்றது. குமரவேல் கட்டிக் கொடுத்த டப்பாவை மத்தியானம் திறந்தேன், எலுமிச்சைச் சாதம், உப்பு இல்லை.

ஆறு மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். பத்து வருட விஷயம் பேச வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கூட வைத்திருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பின்னால் பிள்ளைகளின் கூச்சல், யாரோ ஒருத்தி ஓயாமல் அழுகிறாள், எங்கேயோ பாத்திரம் விழுகிறது. அக்கா ஆங்கிலத்தில் யாரையோ அதட்டினார். குரலில் அப்படி ஒரு அதிகாரம், நான் கேட்டதே இல்லை.

"மங்கை, எனக்கு இப்ப நேரமில்ல. அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டார்.

பதினான்கு வருடத்தில் எனக்கு நேரமில்லை என்று அக்கா சொன்னது இதுதான் முதல் தடவை. எழுதி வைத்திருந்த தாளை மடித்து டயரிக்குள் வைத்தேன். பிறகு இனியாவைக் கூப்பிட்டு, பெரியம்மா ரொம்ப வேலையாக இருக்கிறாராம் என்று சொன்னேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது.